அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்கள் 'யாரை முதலில் இறக்குவது' என்று ஏன் இப்படி மல்லுக்கட்டுகிறார்கள்? அவர்களில் பெரியவர்கள் பேச்சு ஏன் பழைய கௌபாய் தொடர்களில் போய் நிற்கிறது?

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் லைனப் (களத்தில் இறங்கும் ஐவர் பட்டியல்) சண்டை, ஏனென்றால் அதில் கணக்குப் போட்டுப் பார்க்க இடமிருக்கிறது. சண்டை போடுகிறவர்களில் பாதிப்பேர் அந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

ஆண்கள் கல்லூரி ஆட்டம் 20 நிமிட அரைப்பகுதிகள் இரண்டு. களத்தில் எப்போதும் ஐந்து பேர். ஆக ஒரு அணியிடம் பங்கிட இருப்பது 200 ஆட்டக்காரர்-நிமிடங்கள், அவ்வளவுதான். ரசிகர் எழுதும் பட்டியலை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். 'இவனுக்கு 32, அவனுக்கு 30, அந்தப் புதுப்பையனுக்கு 25 ஆவது கொடுக்கணும்' என்று போய், முடிவில் 235, 240 என்று வந்து நிற்கும். ஐந்து பேருக்கும் தலா 30 கொடுத்தாலே 150 போய்விடும். மிச்சம் 50. அதை மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்குப் பதினாறு, பதினேழு. ஒன்பதாவது ஆளும் வேண்டுமென்றால் எல்லாருக்கும் நறுக்கென்று குறையும். அதனால் 'இவனுக்கு இன்னும் நேரம் கொடுங்கள்' என்பவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: யாரிடமிருந்து எடுப்பது?

அடுத்தது, 'ஸ்டார்ட் பண்ணுகிறான்' என்ற பெருமை எவ்வளவு நேரத்துக்கு? ஒவ்வொரு அரைப்பகுதியிலும் 16, 12, 8, 4 நிமிடம் மிச்சமிருக்கும் கட்டங்களைத் தாண்டியபின் ஆட்டம் முதல்முறை நிற்கும்போது டிவிக்காக டைம்-அவுட் வரும். கோச்சுகள் ஆள் மாற்றும் திட்டத்தைப் பெரும்பாலும் இந்த நான்கு நிறுத்தங்களை வைத்தே போடுகிறார்கள். முதல் மாற்றம் 16ஐ ஒட்டி வந்துவிடும். அதாவது ஸ்டார்டிங் ஃபைவ் என்று நாம் அடித்துக்கொள்வது முதல் நாலு, ஐந்து நிமிடத்துக்கு. இரண்டாம் பாதியில் கடைசி நான்கு நிமிடம் களத்தில் யார் நிற்கிறார் என்று குறித்து வையுங்கள். கோச் யாரை நம்புகிறார் என்பது அங்கேதான் தெரியும்.

சான்று வேண்டுமா? 2005இல் வட கரோலினா பட்டம் வென்றது. அந்த அணியின் மார்வின் வில்லியம்ஸ் சீசன் முழுக்க ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடங்கவில்லை, எல்லாமே பெஞ்சிலிருந்துதான். அதே ஆண்டு என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறை லீக்) அணிகள் வரிசையாகப் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்டார். 2018 இறுதி ஆட்டத்தில் வில்லனோவாவின் டான்டே டிவின்சென்சோ பெஞ்சிலிருந்து எழுந்து வந்து மிச்சிகனுக்கு எதிராக 31 புள்ளி எடுத்தார். ஸ்கோர் 79-62.

கடைசி நான்கு நிமிடத்துக்கு யார் வேண்டும் என்பதில் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகக் கோட்டில் நின்று யாரும் தடுக்காமல் போடும் ஒரு புள்ளி ஷாட்) கணக்கு வந்துவிடும். ஒரு அரைப்பகுதியில் எதிரணியின் 7வது ஃபவுலிலிருந்து 'ஒன் அண்ட் ஒன்': முதலாவது விழுந்தால்தான் இரண்டாவது கிடைக்கும். 60 சதவீதம் போடுகிறவர் கோட்டில் நின்றால் சராசரி 0.6 + 0.36 = 0.96 புள்ளி. 80 சதவீதக்காரர் என்றால் 0.8 + 0.64 = 1.44. பத்தாவது ஃபவுலிலிருந்து இரண்டும் உறுதி, அப்போது 1.2க்கு 1.6. பின்தங்கிய அணி வேண்டுமென்றே ஃபவுல் போட ஆரம்பிக்கும்போது பலவீனமானவரைத் தேடிப் பிடித்துத்தான் போடும். 'ஆட்டம் முழுக்க நல்லா ஆடினானே, கடைசியில ஏன் உட்கார வைத்தார்' என்ற புலம்பலுக்குப் பல நேரம் விடை இந்த அரைப் புள்ளிதான்.

உயரமான ஆட்டக்காரர்கள் விஷயத்தில் ஃபவுல் கணக்கு வேறு மாதிரி உதைக்கும். ஐந்து ஃபவுலில் ஆள் வெளியே (என்பிஏவில் ஆறு, ஆனால் அங்கே ஆட்டம் 48 நிமிடம்). ஒருவன் 20 நிமிடத்தில் சராசரி 4 ஃபவுல் வாங்குகிறான் என்றால் 40க்கு 8. அந்த வேகத்தில் அவனுக்கு ஆயுள் 25 நிமிடம். அவனுக்கு 32 நிமிடம் கேட்கிற ரசிகர், அவன் வேறு ஆளாக ஆட வேண்டும் என்று கேட்கிறார். முதல் பாதியிலேயே இரண்டு வாங்கினால் பெரும்பாலான கோச்சுகள் இடைவேளைவரை உட்கார வைத்துவிடுவார்கள். இது தேவையற்ற பயம் என்பது என் கட்சி. மூன்றாவது வருமோ என்று பயந்து நாமே பத்து நிமிடத்தை அள்ளிக் கொடுக்கிறோம்.

இப்போது எல்லாரும் நீட்டுவது பிளஸ்-மைனஸ்: ஒருவர் களத்தில் இருந்தபோது அணி எடுத்த புள்ளியிலிருந்து எதிரணி எடுத்ததைக் கழித்த கணக்கு. 'இந்த ஐந்து பேர் சேர்ந்தால் +14' என்பார்கள். எத்தனை நிமிடத்தில் என்று கேளுங்கள். ஒரு ஆட்டத்தில் ஒரு அணிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 68, 70 பொசஷன், அதாவது பந்தைக் கையில் வைத்துத் தாக்கும் வாய்ப்பு. ஒரு குறிப்பிட்ட ஐவர் சேர்ந்து ஆடியது சீசன் முழுக்க 40 பொசஷன் மட்டும்தான் என்றால், அதற்குள் எதிரணி 15 மூன்று-புள்ளி ஷாட் எடுத்திருக்கும். அதில் 4 விழுந்ததா 7 விழுந்ததா என்பதிலேயே 9 புள்ளி ஆடிப்போகும். இங்கே ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமில்லை. நவம்பர், டிசம்பரில் சின்னக் கல்லூரிகளை அடித்து நொறுக்கிய நிமிடங்களையும், 25 புள்ளி வித்தியாசத்தில் ஓடிய கடைசி நிமிடங்களையும் கழித்துவிட்டு, கான்ஃபரன்ஸ் ஆட்டங்களை (தன் கல்லூரிக் குழுமத்து அணிகளோடு ஆடுபவை) மட்டும் பாருங்கள். அப்போதும் இருவர் இருவராகப் பார்ப்பது மேல். இந்த கார்டும் (பந்தை நடத்திச் செல்பவர்) இந்த சென்டரும் (கூடைக்கடியில் ஆடும் உயரமானவர்) சேர்ந்திருக்கும்போது எப்படி, ஒருவர் வெளியேறினால் எப்படி என்று. நிமிடங்கள் அதிகம் சேரும், எண்ணும் கொஞ்சம் நிதானப்படும்.

எண் இல்லாமல் கண்ணால் பார்க்க ஒரு விஷயம்: உங்கள் ஐவரில் தூரத்திலிருந்து கூடைக்குப் போடத் தெரியாதவர் எத்தனை பேர்? ஒருவர் என்றால் சமாளிக்கலாம். இருவர் என்றால், அவர்களைக் காக்க வேண்டியவர்கள் இருவரும் கூடைக்கடியிலேயே கால் பதித்து நிற்பார்கள், உங்கள் கார்ட் உள்ளே வெட்டிப் போக வழியிருக்காது. 'கார்ட் ஃபார்ம் இழந்துவிட்டான்' என்று அவன் தலையில் போடுவோம்.

இப்போது கௌபாய். பழைய ரசிகர்கள் வளர்ந்த காலத்தைப் பாருங்கள். 1958-59 டிவி சீசனில் அமெரிக்காவில் அதிகம் பார்க்கப்பட்ட பத்துத் தொடர்களில் ஏழு வெஸ்டர்ன், அதாவது கௌபாய் கதை. 'கன்ஸ்மோக்' 1955இலிருந்து 1975 வரை 20 சீசன், 635 எபிசோடு ஓடியது. அதன் நாயகனான காவல் அதிகாரி மார்ஷல் டில்லனாக முழுக்க ஜேம்ஸ் ஆர்னஸ் ஒருவரே. கல்லூரி அணியும் அப்படித்தான் இருந்தது. 1972 வரை முதலாண்டு மாணவர் பிரதான அணியில் ஆடவே முடியாது. 1965இல் லூ ஆல்சிண்டர் (பின்னாளில் கரீம் அப்துல்-ஜப்பார்) இருந்த யுசிஎல்ஏ கல்லூரியின் முதலாண்டு அணி, தன் கல்லூரியின் பிரதான அணியையே 75-60 என்று தோற்கடித்தது, ஆனாலும் அந்த ஆண்டு அவர் வெளியேதான். பிறகு மூன்று வருடம் அதே முகம், அதே இடம். இன்று டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல்) வந்தபின் ஏப்ரலில் பாதி அணி காலி. ஜூனில் லைனப் போடுகிறவர் பெயர்களையே புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது.

அந்தத் தொடர்களிலும் ஆள் மாறியது, அதற்கும் சண்டை நடந்தது. நம் சீரியல்களில் 'இவருக்குப் பதில் இவர்' என்று அட்டை போடுவார்களே, அங்கே அதுகூடக் கிடையாது. 1964இல் டில்லனின் உதவியாள், ஒரு காலை விறைப்பாக இழுத்து நடக்கும் செஸ்டர், போய்விட்டார். அந்த இடத்துக்குக் கோவேறு கழுதையோடு ஃபெஸ்டஸ் வந்தார். செஸ்டரா ஃபெஸ்டஸா என்று இன்றும் எழுபது வயதுக்காரர்களிடம் கேட்டால் முகம் மலர்ந்து அரை மணி நேரம் பேசுவார்கள். நுட்பமாகப் பார்த்தால் இது 'ஆறாவது ஆள் (பெஞ்சிலிருந்து முதலில் இறங்குபவர்) யார்' என்ற அதே விவாதம்தான். நான் சொன்ன வேர் இதுதான்: பழகிய முகத்தின் இடத்தில் யார் நிற்பது என்ற ஆதங்கம்.

இரண்டு உலகமும் ஒரே ஆளிடம் சந்தித்ததும் உண்டு. 'தி ரைஃபிள்மேன்' தொடரின் நாயகன் சக் கானர்ஸ், சீட்டன் ஹால் கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர். 1946இல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் சேர்ந்து, நவம்பர் 5 அன்று ஆட்டத்துக்கு முன் சும்மா ஷாட் போட்டுப் பார்க்கும்போது பின்பலகைக் கண்ணாடியை நொறுக்கினார். டங்க் செய்து (எம்பிக் கூடைக்குள் பந்தைத் திணித்து) தொங்கியெல்லாம் இல்லை, நின்ற இடத்திலிருந்து போட்ட சாதாரண ஷாட்.