செவ்வாய்க்கிழமை மட்டும் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்ற கேள்விக்கு

டிக்கெட் தீரவில்லை. செவ்வாய்க்கிழமை லூவ்ருக்கு வார விடுமுறை, அதனால்தான் அந்தத் தேதியைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. அடுத்த செவ்வாயைத் தட்டிப் பாருங்கள், அதுவும் திறக்காது.

பாரிஸில் உங்களுக்கு இருப்பது அந்த ஒரு நாள்தான் என்பதால், நண்பரோடு ஓர்சே அருங்காட்சியகம் போய்விடுங்கள். அதற்குத் திங்கள்தான் விடுமுறை. 1900-இல் ரயில் நிலையமாகத் திறந்த கட்டடம், 1986-இல் அருங்காட்சியகமானது. ஐந்தாம் தளத்தில் பெரிய கண்ணாடிக் கடிகாரத்தின் பின்னால் நின்றால், முட்களுக்கு இடையே சேன் நதியும் எதிர்க்கரைத் தோட்டமும் தெரியும். என் நண்பனை அங்கிருந்து கிளப்பவே முடியவில்லை! மோனே, ரெனுவார் ஓவியங்களும் அதே தளத்தில்தான்.

அப்புறம், பக்கத்தில்தானே என்று ஒராஞ்சரி அருங்காட்சியகத்துக்குப் போய்விடாதீர்கள், அதுவும் செவ்வாயன்று மூடியிருக்கும். வேலைநிறுத்தம் என்றால் ஓர்சேகூட மூடலாம். காலையில் கிளம்புமுன் அவர்கள் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.