வாசகர் கேள்வி – பதில்: பல சமயத்தார் சேர்ந்து பேசும்போது

கேள்வி: இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் சேர்ந்து மாதந்தோறும் கூடுகிறோம். பண்டிகை வாழ்த்துவரை சுமுகம்தான். போன மாதம் கருக்கலைப்பைப் பேச எடுத்தோம். அரைமணியில் இருவர் எழுந்து போய்விட்டார்கள். எங்கே பிசகு?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தலைப்பிலேயே இருக்கும். 'கருக்கலைப்பு சரியா, தவறா' என்று போட்டால் நம் ஆட்களுக்குப் பட்டிமன்றம்தான் நினைவுக்கு வரும்: இரண்டு அணி, கைதட்டல், தீர்ப்பு. கேள்வியைச் சுருக்குங்கள். 'ஸ்கேனில் சிசுவுக்குப் பெருங்குறை தெரிந்தால், அந்தத் தாய்க்கு உங்கள் சமூகம் என்ன சொல்லும், என்ன செய்து கொடுக்கும்?'

அதற்கும் முந்திய அமர்வில் பெண் சிசு என்பதற்காகக் கலைப்பதை எடுங்கள். கருவின் பாலினம் கண்டறிவதை 1994-ம் வருடச் சட்டம் தடுக்கிறது. சேலத்தில் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் பெண் சிசுக்கொலையைத் தடுக்கத்தான் வந்தது என்பதும் தெரிந்ததே. இதில் மூன்று தரப்பும் ஒரே பக்கம் நிற்கும்.

பன்னிரண்டு பேர் போதும், தரப்புக்கு நால்வர். அந்த நால்வரும் ஒரே அச்சாக இருக்கக் கூடாது. கத்தோலிக்கத் திருச்சபை கரு உருவான கணத்திலிருந்தே உயிர் என்கிறது. பிராட்டஸ்டண்டுகளிடம் ஒரே குரல் இல்லை. இஸ்லாமிய அறிஞர்கள் பலர் 120-ம் நாளைக் கலைப்புக்கு எல்லையாகக் கொள்கிறார்கள். அதற்கு முன், மத்ஹபுக்கு மத்ஹப் (இஸ்லாமியச் சட்ட மரபுகள்) கருத்து மாறும். இந்து சாத்திரங்கள் பிரூணஹத்தியை, அதாவது கருவைக் கொல்வதை, பெரும்பாவம் என்கின்றன, ஆனால் எல்லோருக்கும் கட்டளையிட ஒரு பீடம் கிடையாது. 'உங்கள் மதத்தில் இப்படித்தானே?' என்று யாரும் கேட்கத் துணியாதபடி இந்த வேற்றுமை அறையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நால்வரில் இருவராவது பெண்கள். இமாம், ஃபாதர், குருக்கள் முன்வரிசையில் அமர்ந்தால் மற்றவர் வாய் திறக்க மாட்டார்கள். அவர்களைக் கடைசிச் சுற்றுக்கு அழையுங்கள்.

முதல் சுற்றில் ஆளுக்கு மூன்று நிமிடம், குறுக்கீடு கூடாது. இரண்டாம் சுற்றில், பக்கத்தில் இருப்பவர் சொன்னதை ஒவ்வொருவரும் திருப்பிச் சொல்ல வேண்டும். 'ஆமாம், அதைத்தான் சொன்னேன்' என்று அவர் ஒப்பும்வரை. நாற்பது நிமிடம் பிடிக்கும், சலிப்பாகவும் இருக்கும். நேரமில்லை என்று எல்லோரும் வெட்டுவது இந்தச் சுற்றைத்தான். கூட்டம் உடைவதும் அதனால்தான். கேள்விகள் மூன்றாம் சுற்றில்.

சட்டத்தை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள்: 1971-ம் வருடச் சட்டம், 2021 திருத்தத்தின்படி, 20 வாரம்வரை ஒரு மருத்துவர் கருத்து, குறிப்பிட்ட பிரிவினருக்கு 24 வாரம்வரை இரு மருத்துவர், சிசுவுக்குப் பெருங்குறை என்றால் மருத்துவக் குழு முடிவு, வார வரம்பு இல்லை. இது கையில் இல்லாவிட்டால் பாதி நேரம் வாட்ஸப் வதந்தியில் போகும். போன்களைக் கூடையில் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: எந்த நாள், என்ன சாப்பாடு?
– வாசகி, வேலூர்

பதில்: சனிக்கிழமை மாலை. வெள்ளி நண்பகலும் ஞாயிறு காலையும் ஆகாது. ரம்ஜான் மாதத்தில் மக்ரிபுக்கு (சூரியன் மறைந்ததும் வரும் தொழுகை) முன் முடியுங்கள். சுண்டல், வாழைப்பழம், டீ. பிரியாணி அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஒலிபெருக்கித் தகராறை இப்படிப் பேசித் தீர்க்க முடியுமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: முடியும், 'அவங்க ஸ்பீக்கர்' என்று தொடங்காவிட்டால். கோயில், பள்ளிவாசல், தேவாலயத்தோடு கல்யாண மண்டபம், கட்சி மேடை எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் எழுதுங்கள். 2000-ம் வருட விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளி ஒலிபெருக்கிக்குத் தடை. திருவிழாவுக்காக மாநில அரசு நள்ளிரவுவரை தளர்த்தலாம், வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் போகாமல். சென்னைத் தேவாலயம் ஒன்றின் வழக்கில் 2000-ல் உச்ச நீதிமன்றம், பிறர் அமைதியைக் கெடுத்து வழிபடச் சொல்லும் மதம் எதுவுமில்லை என்றது.

தரப்புக்கு ஒருவராக மூவர் சேர்ந்து, ஒரே வீட்டு வாசலில் நின்று அளக்கட்டும். போன் செயலியின் அளவு நீதிமன்றத்தில் நிற்காது. ஸ்பீக்கரின் முகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவெடுக்க அது போதும்.