மீன் தொட்டிக்குச் சாதா டியூப்லைட் போதுமா, பிங்க் டியூப்தான் போட வேண்டுமா?

போதும். நீங்கள் கேட்கிற விதத்தைப் பார்த்தால் கடைக்காரர் பாதி மயக்கிவிட்டார் போலிருக்கிறது. நானும் மயங்கினவன்தான்.

சென்னை கொளத்தூரில் சிவப்பு ஸ்வார்ட்டெயில் மீன் நாலு வாங்கினேன். கடைத் தொட்டியில் குங்குமம் மாதிரி இருந்தவை, வீட்டில் விட்டதும் செங்கல் நிறமாகிவிட்டன. மீனை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று அடுத்த ஞாயிறே சண்டைக்குப் போனேன். கடைக்காரர் சிரித்தபடி மேலே கையைக் காட்டினார். பிங்க் டியூப். சிவப்பும் நீலமும் தூக்கலாக உள்ள ஒளி, சிவப்பு மீன் ஜொலிக்காமல் என்ன செய்யும்? 450 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன்.

வீட்டில் எல்லோருக்கும் அந்த நிறம் பிடித்துப்போக, காலை 6 மணிக்குப் போட்ட லைட் ராத்திரி 11 வரை எரிந்தது. மூன்றே வாரத்தில் கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி. பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டினேன், இரண்டே நாளில் திரும்ப வந்தது. டியூப்பைத் திட்டிப் பயனில்லை, 17 மணி நேரம் எரிய விட்டது நான்தான்.

அப்புறம் சாதா டியூப்புக்கே வந்துவிட்டேன். இரண்டடி, 18 வாட், மேலே 865 என்று அச்சடித்திருக்கும். அந்த 65 என்பது 6500 கெல்வின், ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு; அதாவது பகல் வெள்ளை. டைமர் வைத்து 8 மணி நேரம்தான். தொட்டியில் நட்டிருந்த வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி தண்ணீர் மட்டத்தைத் தொட்டு மடிந்து படர்ந்தது. எரிகிறதே என்று பழைய டியூப்பை விட்டுவைக்காதீர்கள், உள்பூச்சு மங்குவது கண்ணுக்குத் தெரியாது. நான் வருடத்துக்கு ஒன்று மாற்றுவேன். கழற்றியதை உடைக்காதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. சோக்கைத் தொட்டி மூடிக்குள் வைக்காதீர்கள், ஈரத்தில் துருப்பிடிக்கும். தொட்டிக்குள் கை விடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

பவளம் வளர்ப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், உங்கள் கணக்கு வேறு. எல்ஈடி ஆட்களே, கேள்வி டியூப்பைப் பற்றியது.

சோக் தின்பதையும் சேர்த்தால் 28 வாட் வரும், மாதம் 7 யூனிட்கூட ஆகாது. இதை எங்கள் ஹவுஸ் ஓனருக்குப் பேப்பரில் எழுதியே காட்டினேன். "மீன் தொட்டியாலதான் மீட்டர் ஓடுது" என்று யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்கினார். அவர் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மட்டும் எங்கள் கதவைத் தட்டி, "தம்பி, அந்த லைட்டைக் கொஞ்சம் போடுங்க, குழந்தைங்க மீன் பாக்கணுமாம்" என்பார்.