720720-க்குக் காரணிகள் எத்தனை?

வாசகர் கேள்வி: 720720 என்ற எண்ணுக்கு எத்தனை காரணிகள் என்று அறிய ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்த்தேன். முடிகிற மாதிரி தெரியவில்லை. வேறு வழி உண்டா? ஒன்று கூட்டினால் வரும் 720721 பகா எண்ணா?

முதலில் வகுப்பதை நிறுத்துங்கள். எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். 720720 என்பது 720 × 1001. இதில் 720 = 2⁴ × 3² × 5. 1001 = 7 × 11 × 13 (இதை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளலாம், அடிக்கடி கை கொடுக்கும்). ஆக, 720720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13.

இப்போது ஒரு காரணியை நீங்களே கட்டிப் பாருங்கள். அதில் 2 ஒருமுறைகூட வராமல் இருக்கலாம், அல்லது நான்கு முறை வரை வரலாம். மொத்தம் 5 வாய்ப்புகள். 3-க்கு 3 வாய்ப்புகள். மற்ற நான்கும் இருக்கும் அல்லது இருக்காது, ஒவ்வொன்றுக்கும் 2. பெருக்கினால் 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. இந்த 240-இல் 1-உம் 720720-உம் அடங்கும். பலர் அடுக்கோடு ஒன்று கூட்ட மறந்து 4 × 2 என்று பெருக்கி 8-இல் நின்றுவிடுகிறார்கள். கூட்டும் அந்த ஒன்றுதான் 'வராமலே இருப்பது' என்ற வாய்ப்பு.

இது சாதாரண எண் அல்ல. 1 முதல் 16 வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண் இதுதான். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 240 காரணிகள் கிடையாது. முந்தைய எண்கள் எல்லாவற்றையும்விட அதிகக் காரணிகள் கொண்ட இப்படிப்பட்ட எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915-இல் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். முழு வர்க்கமா என்றால், இல்லை: 5, 7, 11, 13 நான்கும் ஒற்றையாக நிற்கின்றன. 5005-ஆல் பெருக்கினால் 60060-இன் வர்க்கம் கிடைக்கும்.

சரி, 720721? இதன் வர்க்கமூலம் 849-க்குச் சற்றுக் குறைவு, அதனால் 848 வரையுள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும். அதிலும் 13 வரை பார்க்கத் தேவையே இல்லை. அவை 720720-ஐ வகுப்பதால் இங்கே மீதி 1 வந்தே தீரும். 17-இல் தொடங்கிப் போனால் 71-இல் சிக்குகிறது: 71 × 10151. இந்த 10151 பகா எண். ஆகவே 720721 பகு எண், காரணிகள் நான்கே நான்கு. ஒன்று கூட்டியதற்கே 240 எங்கே, 4 எங்கே! காரணிகளின் எண்ணிக்கையை எண்ணின் அளவை வைத்து ஊகிக்கவே கூடாது.

ஆறேழு இலக்கம் வரை இந்த வழி தாராளமாகப் போதும். இருபது இலக்கம் தாண்டினால் இந்த வழி கையால் எளிதில் ஆகாது. 2⁶⁷ − 1 என்ற 21 இலக்க எண் பகு எண் என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்காஸ் 1876-இலேயே காட்டிவிட்டார், ஆனால் காரணிகள் எவை என்று அவர் முறை சொல்லவில்லை. 1903-இல்தான் அமெரிக்கக் கணிதவியலாளர் கோல் அவற்றைக் கண்டுபிடித்தார்: 193707721 × 761838257287. பகா எண்ணா என்று சோதிப்பதற்கும் காரணிகளைக் கண்டுபிடிப்பதற்கும் தனித்தனி முறைகள் உண்டு. அவ்வளவு பெரிய எண் கையில் இருந்தால், முதல் சோதனையைக் கணினியில் செய்துவிட்டு அப்புறம் காரணிகளைத் தேடுங்கள்.