பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த இடம்

தென்மராட்சியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் மகள் நல்ல புள்ளி எடுத்தும், யாழ் நகரத் தேசியப் பாடசாலை ஒன்றின் தரம் 6 வெட்டுப்புள்ளிக்கு மூன்று புள்ளி குறைந்துவிட்டது. மேன்முறையீடும் சரிவரவில்லை. ஆனால் மகளைவிட ஆறு புள்ளி குறைந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை, தவணை தொடங்கி இரண்டாம் வாரத்தில் அதே பாடசாலையில் சேர்ந்துவிட்டது. இப்போது ஒன்பது வாரமாகிறது. வேறு பாடசாலையில் இடம் கிடைத்தும் போகாமல் மகள் வீட்டில் இருக்கிறாள். வழக்குப் போடலாமா என்பது கேள்வி.

அம்மா, உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் மனவேதனை. மகள் விடிய நாலு மணிக்கு எழும்பிப் படித்தது, ரியூசனுக்குப் போன காசு, அதிபர் இருக்கச் சொல்லாமல் நிற்கவைத்துக் கதைத்தது, எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தலால் சித்தப்பாவின் மருத்துவப் படிப்புப் போனது. இவற்றில் ஒன்றையும் மனுவில் எழுத மாட்டேன். தரப்படுத்தலை இதற்குள் இழுக்கவே வேண்டாம். புலமைப்பரிசிலில் மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி மாறுவது உதவிப்பணத்துக்கு. பாடசாலை அனுமதிக்கு, கேட்ட பிள்ளைகளைப் புள்ளி வரிசையில் எடுக்கிறார்கள். இடம் முடிகிற இடத்தில் கோடு விழுகிறது. உங்கள் மகள் கோட்டுக்குக் கீழே.

சட்டத்தில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அனுமதி நாளைக்கே ரத்தானால், அந்த வாங்கில் உங்கள் மகள் இருப்பாளா? இருக்க மாட்டாள். ஒரு புள்ளியாலும் இரண்டு புள்ளியாலும் தவறவிட்ட பிள்ளைகள் அவளுக்கு முன்னால் நிற்கிறார்கள். அவர்களின் தாய்மாரும் உங்களைப் போலவே அழுதிருப்பார்கள். அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரை சமத்துவம் தருகிறது, உண்மை. ஆனால் ஒருவருக்குச் செய்த பிழையை எனக்கும் செய் என்று கேட்க அது உதவாது. சி.டபிள்யூ. மக்கி கம்பனி வழக்கில் 1980களிலேயே உயர் நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. அந்தப் பிள்ளை வேறொரு சுற்றறிக்கையின் கீழ் முறையாகவே வந்திருக்கவும் கூடும்.

2024 ஆம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் மூன்று கேள்வி கசிந்து பெற்றோர் நீதிமன்றம் போனார்களே என்று கேட்கிறீர்கள். அது பரீட்சை எழுதிய எல்லாப் பிள்ளைகளையும் தொட்ட விஷயம். அதிலும் மறுபரீட்சை கிடைக்கவில்லை. கடைசியில் அந்த மூன்று கேள்விகளுக்கும் எல்லாருக்கும் முழுப் புள்ளி கொடுத்தார்கள்.

அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதக் கெடு, அது போய்விட்டது. அமைச்சருக்கும் ஆளுநருக்கும் கடிதம் எழுதியதால் அந்தக் கெடு நிற்காது. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போனவர்கள்கூட முறைப்பாட்டுத் துண்டை மட்டும் காட்டித் தப்ப முடியாது, விசாரணை உண்மையில் நடக்கிறது என்று காட்ட வேண்டும். அதிகாரிகளின் முடிவை ரத்துச் செய்யக் கேட்கும் எழுத்தாணை (ரிட்) மனு என்றால், தேசியப் பாடசாலை என்பதால் கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றம். அந்த நீதிமன்றம் இருக்கும் புதுக்கடைக்கு நாலு வழக்குத் தவணை போய்வரும் செலவைக் கணக்குப் பாருங்கள்.

இனி, கடிதத்தின் அடியில் 'பின்குறிப்பு' என்று நீங்கள் எழுதிய இரண்டு வரிக்கு வருகிறேன். பாடசாலைக்குள் ஆள் தெரியும் என்று சொன்ன ஒருவருக்கு எழுபத்தையாயிரம் ரூபாய் முற்பணம் கொடுத்தோம், இப்போது அவர் போன் எடுப்பதில்லை, சான்றாக வங்கித் துண்டின் படம் இணைத்துள்ளேன் என்கிறீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தனி ஆளின் கணக்கு. 'விபரம்' என்ற இடத்தில் உங்கள் கையெழுத்தில் 'அட்மிஷன்'.

அது நீங்கள் ஏமாந்ததற்குச் சான்று என்று நினைக்கிறீர்கள். எதிர்ப்பக்கச் சட்டத்தரணி அதை வேறுமாதிரி வாசிப்பார். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் இலஞ்சம் வாங்கியவர் மட்டுமல்ல, கொடுத்தவரும் குற்றவாளி. இடையில் தரகர் நின்றார் என்பதால் நீங்கள் வெளியே வந்துவிட மாட்டீர்கள். என்னிடம் வந்த ஒரு தகப்பன் இதே மாதிரித் துண்டு ஒன்றைத் தானாகவே சத்தியக்கடதாசியோடு இணைக்கச் சொல்லி நின்றார். 'நாங்கள் நேர்மையாகக் குடுத்தனாங்கள் ஐயா' என்றார்! அவரைத் தடுக்க எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.

சரி, அதைச் சொல்லாமல் மனுப் போட்டால்? முக்கியமான உண்மையை மறைத்து வந்த மனுதாரர் என்று தெரிந்தால், வழக்கின் நியாயத்தைப் பார்க்காமலே தள்ளிவிடுவார்கள். சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும், மறைத்தால் மனு போகும். இரண்டு வாசலையும் நீங்களே பூட்டிவிட்டீர்கள்.

பணத்தை மீட்க மாவட்ட நீதிமன்றம் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சட்டவிரோதக் காரியத்துக்குக் கொடுத்த காசை வாங்கித்தர நீதிமன்றம் கை நீட்டாது. அதைவிட நான் பயப்படுவது உங்கள் கணவர் அனுப்பப் போவதாக எழுதிய வாட்ஸ்அப் செய்திக்குத்தான். 'காசைத் தா, இல்லாட்டி இலஞ்ச ஆணைக்குழுவுக்குப் போவன்.' இதை அனுப்ப வேண்டாம். கொடுத்ததற்கு எழுத்தில் ஒப்புதல், மேலே மிரட்டல் வேறு. பழைய குரல் பதிவுகளை அழிக்கவும் வேண்டாம். மீதிக் காசு கேட்டால் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். (இன்னும் கொடுக்காமல், கேட்கப்பட்டு மட்டும் இருக்கும் பெற்றோர் கொடுக்கமுன் இலஞ்ச ஆணைக்குழுவின் 1954 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். கொடுத்த பிறகு கதை வேறு.)

என் ஆலோசனை இதுதான்: வழக்கை விடுங்கள். எழுபத்தையாயிரத்தைப் போனதாக எழுதுங்கள். மகளுக்கு இடம் தந்த பாடசாலையில் திங்கட்கிழமை கொண்டுபோய்ச் சேருங்கள். ஒன்பது வாரப் பாடம் ஏற்கனவே போய்விட்டது. நகரப் பாடசாலைதான் வேண்டுமென்றால், சாதாரண தரப் பெறுபேற்றோடு உயர்தரத்துக்கு மாறுகிற பிள்ளைகள் வருடா வருடம் இருக்கிறார்கள்.

அந்தத் துண்டைப் பற்றி மட்டும், யாரிடமும் முறைப்பாடு கொடுக்குமுன், குற்றவியல் வழக்குப் பேசும் சட்டத்தரணி ஒருவரை நேரில் பாருங்கள். துண்டையும் இரண்டு பேரின் போனையும் கொண்டு போங்கள். மகளைக் கூட்டிப்போக வேண்டாம்.