உட்கார இடம் கிடைக்கும், தூங்கிவிடாதீர்கள் தம்பி

யோகோஹாமாவில் வேலை, ஆபீஸ் மோட்டோமாச்சி-சூகாகாய் ஸ்டேஷன் பக்கம். வீடு எங்கே பார்க்கலாம், சைவச் சாப்பாடு கிடைக்குமா, ரயில் குழப்புமா என்று கேட்டிருக்கிறீர்கள். சாப்பாட்டை விடுங்கள், அரிசியும் குக்கரும் இருந்தால் போதும். வீடு என்றதும் பாதிப் பேர் 'நிஷி கசாய் போ, நம்மாட்கள் இருக்கிறார்கள்' என்பார்கள். அது தோக்கியோவின் கிழக்குக் கோடி. இட்லி மாவு கிடைக்கும்; யோகோஹாமாவுக்குத் தினமும் வந்துபோகிற தூரத்தில் தூக்கம் கிடைக்காது. பத்து வருஷம் அங்கே இருந்தும் கத்தகானா என்ற ஜப்பானிய எழுத்தைக்கூட எழுத்துக்கூட்டத் தெரியாதவர்களை எனக்குத் தெரியும். அதற்கு மேல் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

ரயிலுக்கு வருகிறேன். உங்கள் ஆபீஸ் பக்கத்து ஸ்டேஷன் 2004-ல் திறந்த மினாட்டோமிராய் பாதையின் கடைசி நிறுத்தம். பூமிக்கடியில் நாலாவது தளம், ஒரே பிளாட்பாரம், இரண்டு பக்கமும் ரயில். பாதை மொத்தமே 4.1 கிலோமீட்டர், ஆறு ஸ்டேஷன். இதில் என்ன குழப்பம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ரயில் அந்த ஆறோடு நிற்பதில்லை. யோகோஹாமா ஸ்டேஷன் தாண்டினால் தோக்யூ, தோக்கியோவின் ஷிபுயாவிலிருந்து மெட்ரோ, அப்புறம் செய்பு அல்லது தோபு என்று அடுத்தடுத்த கம்பெனித் தண்டவாளத்தில் ஏறி, தோக்கியோவுக்கு வடக்கே இருக்கிற சைத்தாமா வரை போய்விடும். 2013-லிருந்து இப்படித்தான்.

நான் வந்தது 2014-ல். அறை இதே ரயில் போகும் வழியில், சுனாஷிமாவில். வந்த இரண்டாம் வாரம், இரவு எட்டரைக்கு இந்த ஸ்டேஷனில் நின்றிருந்த ரயிலில் ஏறினேன். புறப்படும் இடம் என்பதால் உட்கார இடம் தாராளம்; அதுதான் வினை. நான் ஏறியது தொக்க்யூ, அதாவது சில ஸ்டேஷனில் மட்டும் நிற்கிற விரைவு ரயில்; சுனாஷிமாவில் நிற்கவே நிற்காது. அதுகூடத் தெரியாமல் கண்ணை மூடினேன். வெள்ளைக் கையுறை போட்ட ஸ்டேஷன்காரர் தோளைத் தொட்டு எழுப்பியபோது ஊர் சைத்தாமாவின் ஹன்னோ. வெளியே போகப் பார்த்தால் கேட் படாரென்று மூடிக்கொண்டது, ரயில் கார்டில் காசு போதவில்லை. நோரிகோஷி இயந்திரம் என்று ஒன்று உண்டு, குறைகிற காசை அதில் போட்டுச் சரிசெய்யலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதே ஸ்டேஷன்காரர்தான் ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக் காட்டினார். அறைக்கு வந்து சேர்ந்தபோது நாள் மாறிவிட்டது.

அதனால் முதல் வாரமே 'காகுதெய்', 'க்யூகோ', 'தொக்க்யூ' மூன்றின் எழுத்தையும் படம்போலப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காகுதெய் எல்லா இடத்திலும் நிற்கும், க்யூகோ சில இடங்களை விட்டுவிடும், தொக்க்யூ இன்னும் நிறைய விட்டுவிடும். இந்தப் பாதையில் தொக்க்யூவுக்குத் தனிக் காசு இல்லை. சனி, ஞாயிறு ஓடும் எஸ்-டிரெயினுக்கு உண்டு, தெரியாமல் ஏறிவிடாதீர்கள். கார்டில் எப்போதும் இரண்டாயிரம் யென்னாவது கிடக்கட்டும்.

ஸ்டேஷன் என்னவோ அழகுதான். தோயோ இத்தோ வடிவமைத்தது; வெள்ளைச் சுவர் முழுக்கப் பழைய யோகோஹாமாவின் படங்கள். ஜப்பானிய மொழி தெரியாத முதல் மாதங்களில் என்னோடு பேசிய சுவர் அது ஒன்றுதான். மேலே ஏறிக் கொஞ்சம் நடந்தால் யமாஷிதா பூங்கா. அங்கே குவிமாடத்தோடு ஒரு சின்ன மண்டபம் இருக்கும், 'இந்திய நீர்க்கோபுரம்' என்பார்கள். 1923 நிலநடுக்கத்தில் தங்களுக்கு உதவிய ஊருக்கு இந்திய வணிகர்கள் நன்றியாகக் கட்டிக் கொடுத்தது. அண்ணாந்து பார்த்தால் கூரையெல்லாம் மொசைக். அதன் பக்கத்து பெஞ்சில்தான் ஆறு மாதம் என் மதியச் சாப்பாடு. தயிர்சாதம், ஒரு பாக்கெட் சிப்ஸ்.