சந்தேகம் வேறு, டவுட் வேறு

கேள்வி: என் மகன் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். லண்டனில் இருக்கும் மேலாளர் அனுப்பிய வேலைத் திட்டத்தைப் படித்துவிட்டு, 'ஐ ஹாவ் எ டவுட்' என்று அவருக்கு மின்னஞ்சல் எழுதினானாம். 'இதில் எதை உன்னால் நம்ப முடியவில்லை?' என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். பையன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நானும் பள்ளிக்கூட நாளிலிருந்து 'டவுட்' கேட்டே வளர்ந்தவன். அந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள்? வேறு எந்தச் சொல்லைப் போடலாம்? நாம் இத்தனை காலம் பேசியது தப்பு ஆங்கிலமா? உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா என்பதே சந்தேகம்தான். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.
- ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: முதலில் பையனைச் சாப்பிடச் சொல்லுங்கள். அவன் எழுதிய வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. அனுப்பியது ஒன்று, போய்ச் சேர்ந்தது வேறொன்று, அவ்வளவுதான்.

வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். கணக்கு வாத்தியார் கரும்பலகையில் போட்ட கணக்கில் மூன்றாவது வரி புரியவில்லை. எழுந்து நின்று, 'சார், உங்களிடம் ஒரு கேள்வி' என்று நம்மில் எவனாவது சொல்லியிருப்பானா? கேள்வி கேட்பது வாத்தியாரின் வேலை. பையன் கேட்டால், 'என்னையே கேள்வி கேட்கிறாயா?' என்று பிரம்பு மேசையிலிருந்து எழும். ஆகவே, 'சார், ஒரு சந்தேகம்' என்போம். நீங்கள் நடத்தியதெல்லாம் சரி, என் மண்டையில்தான் ஏறவில்லை என்பது அதன் உட்பொருள். அது பணிவின் சொல். அந்தப் பணிவை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் ஆங்கிலத்தில் இறக்கி 'டவுட்' என்று பெயர் வைத்தோம்.

ஆங்கிலத்தில் நிலைமை தலைகீழ். அங்கே 'க்வெஸ்ஷன்' சாது; யாரும் யாரிடமும் கேட்கலாம். முறைக்கிற சொல் 'டவுட்'தான். நீ சொல்வது உண்மையா, இது நடக்கிற காரியமா, எனக்கு நம்பிக்கை இல்லையே என்கிற தொனி அதில் இருக்கிறது. உங்கள் மகன் கைகட்டி நின்றான். லண்டன்காரர் கண்ணுக்கு அவன் இடுப்பில் கைவைத்து நிற்பதாகத் தெரிந்தது.

இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஸ்பானிய மாணவனும் ஆசிரியரிடம் 'டூடா' இருக்கிறது என்றுதான் சொல்வான். 'டூடா' என்றால் அவன் மொழியில் சந்தேகம். அவனும் ஆங்கிலத்துக்கு வரும்போது நாம் இடறிய கல்லிலேயே இடறுகிறான்.

வேடிக்கை என்னவென்றால், இந்த வேறுபாட்டை நமக்கு லண்டன் சொல்லித்தர வேண்டியதில்லை. 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறாகப் பிரித்துவிட்டார். 'அறிவு அறியாமை ஐயுறல் கொளல் கொடை ஏவல்' என்று பள்ளியில் ஒப்பித்தது நினைவிருக்கிறதா? கடைசி மூன்றை விடுங்கள். கடைக்குப் போய் வாங்குகிறவரும், கொடுக்க நினைப்பவரும், எசமானரும் கேட்பவை. தெரிந்துகொண்டே கேட்டால் அறிவினா, அது வாத்தியாருடையது. தெரியாமல் கேட்டால் அறியா வினா. இதா அதா என்று முடிவு செய்ய முடியாமல் கேட்டால் ஐய வினா. அரையிருட்டில் தூரத்தில் ஏதோ நிற்கிறது. குற்றியோ மகனோ, அதாவது நிற்பது மரக்கட்டையா மனிதனா என்று உரைகாரர்கள் இதற்கு உதாரணம் காட்டுவார்கள். கணக்கில் மூன்றாவது வரி புரியாதவனுக்கு வந்தது அறியா வினா. அதை ஐய வினாவின் பெயரால் கேட்கிறோம். குழப்பம் ஆங்கிலத்தில் தொடங்கவில்லை, ஐயா. தமிழிலேயே தொடங்கி, விசா வாங்கிக்கொண்டு வெளியே போனது.

'டவுட்' என்ற சொல்லின் வேரிலும் அந்த 'இதா அதா' இருக்கிறது. லத்தீனில் இரண்டைக் குறிக்கும் 'துவோ'வின் உறவு அது. ஜெர்மானியரின் 'ட்ஸ்வைஃபல்' என்ற சந்தேகத்திலும் இரண்டு உட்கார்ந்திருக்கிறது. நாமும் 'இரண்டு மனதாக இருக்கிறது' என்கிறோமே, அதே கணக்கு. சந்தேகம் என்ற வடசொல்லின் வேர் வேறு வழியில் போகிறது. 'திஹ்' என்றால் பூசுவது, மெழுகுவது. கண்ணாடியில் ஏதோ அப்பிக்கொண்டதுபோல் தெளிவில்லாத நிலை. எனக்கு இந்தப் படம்தான் அதிகம் பிடிக்கிறது.

எழுத்தில் இருந்துகொண்டு வாயில் வராத அந்த 'பி' பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது இந்தச் சொல்லில் 'பி' இல்லை. லத்தீன் மூலத்தில் இருக்கிறதே என்று பிற்காலப் பண்டிதர்கள் அதைக் கொண்டுவந்து செருகினார்கள். கடன் என்று பொருள்படும் 'டெட்'டுக்கும் இதே கதிதான். 'பி'யை உச்சரிக்காமல் விழுங்குகிறார்களே என்று அங்கலாய்க்கும் ஒரு வாத்தியாரை ஷேக்ஸ்பியர் தம் நாடகம் ஒன்றில் நிறுத்திக் கேலி செய்திருக்கிறார். வாத்தியார்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

எல்லோரும் கேலி செய்கிற 'ஐ ஹாவ் எ டவுட்' உண்மையில் பெரிய ஆபத்து இல்லை. எதிராளி ஒரு நிமிடம் குழம்புவார், பிறகு புரிந்துகொள்வார். யாரும் எச்சரிக்காத பள்ளம் வேறு இடத்தில் இருக்கிறது. அதே சொல்லை வினையாகப் போட்டுப் பாருங்கள். 'ஐ டவுட் ஹி டுக் இட்' என்றால் அவன் எடுத்திருக்க மாட்டான் என்று நினைக்கிறேன் என்று பொருள். 'ஐ சஸ்பெக்ட் ஹி டுக் இட்' என்றால் அவன்தான் எடுத்திருப்பான். முதலாவது ஆளை விடுவிக்கிறது, இரண்டாவது ஆளைப் பிடிக்கிறது. தமிழில் இரண்டுக்கும் சந்தேகம் ஒன்றே. 'ஐயத்தின் நீங்கித் தெளிந்தார்க்கு' என்ற குறளில் ஐயம் தெளிவின்மை. 'தெளிந்தான்கண் ஐயுறவும்' என்ற குறளில் அதுவே நம்பி ஏற்றவன்மேல் கொள்ளும் அவநம்பிக்கை. நமக்கு இடம் பார்த்துப் பொருள் கொள்ளத் தெரியும். ஆங்கிலம் அதற்கு இரண்டு தனி வினை வைத்திருக்கிறது.

இதனால் நானே ஒருமுறை மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். தேடப்படும் ஆசாமி ஒருவர் வெளிநாட்டுக்குப் போயிருப்பார் என்பதைக் காவல்துறை 'டவுட்' செய்கிறது என்று ஆங்கிலச் செய்தி வந்தது. உள்ளூரிலேயேதான் இருக்கிறார் என்று அர்த்தம். 'வெளிநாட்டுக்குத் தப்பினாரா? போலீசார் சந்தேகம்' என்று தலைப்பிட்டு என் மேசைக்கு வந்தது தமிழாக்கம். ஆசாமியை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டோம்! மூலத்தாள் பக்கத்தில் கிடந்ததால் பிழைத்தோம். காவல் நிலையத்தில் பதிவாகும் 'சந்தேக மரண'த்தை ஆங்கிலத்தில் 'டவுட்ஃபுல் டெத்' என்று ஆக்கினாலும் இதே கூத்துத்தான். ஆள் செத்தாரா இல்லையா என்பதே தெரியவில்லை என்றாகிவிடும். அங்கே 'சஸ்பிஷஸ்' வேண்டும்.

ஒரே ஆறுதல், ஸ்காட்லாந்துக்காரர்கள். 'ஐ டவுட் இட் வில் ரெயின்' என்று அவர்கள் பழைய வழக்கில் சொன்னால் மழை வந்துவிடும்போல் இருக்கிறதே என்று பொருள். ஒரு காலத்தில் 'டவுட்'டுக்கு அச்சம் என்ற பொருளும் இருந்ததன் மிச்சம் அது. உங்கள் மகனை லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும்.

'நோ டவுட்' என்பதையும் நம்பிவிடாதீர்கள். 'நோ டவுட் ஹி வில் கம்' என்றால் வருவார் என்றுதான் நினைக்கிறேன் என்ற அளவு உறுதிதான் பெரும்பாலும். கெட்டிக்காரர்தான், சந்தேகமில்லை, ஆனால்... என்று இழுக்கிறோமே, அந்த 'ஆனால்' வருவதற்கு முன் போடும் பாய் அது. அடித்துச் சொல்ல வேண்டுமானால் 'வித்தவுட் டவுட்'. நீதிமன்றத்தில் மட்டும் சொல் சுத்தமாக இருக்கிறது. சந்தேகத்தின் பலனைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு அளித்து விடுதலை செய்கிறார்களே, அங்கே 'டவுட்' தன் சொந்தப் பொருளில் நிற்கிறது.

மாற்றுச் சொல் கேட்டீர்கள். புரியாததைக் கேட்க 'க்வெஸ்ஷன்' போதும். அலுவலகக் கடிதத்தில் கொஞ்சம் கஞ்சி போட்டுத் தேய்த்தாற்போல் இருக்க வேண்டுமானால் 'க்வெரி'. விளக்கம் வேண்டும் என்று சொல்ல 'கிளாரிஃபிகேஷன்'. மற்றவை எல்லாம் 'டவுட்'டின் பங்காளிகளே தவிர இரட்டையர் அல்லர். 'மிஸ்கிவிங்' என்பது ஒரு காரியத்தில் இறங்குமுன் உள்ளே நெருடுவது. பெண்ணுக்குப் பார்த்த வரனைப் பற்றி எல்லோரும் புகழும்போது பாட்டி மட்டும் வாய் திறக்காமல் இருப்பாரே, அதுதான். 'க்வாம்' மனச்சாட்சியின் உறுத்தல். 'ஸ்கெப்டிக்' எதையும் எளிதில் நம்பாதவர். 'ஹெசிடேஷன்' வெறும் தயக்கம்.

தப்பு ஆங்கிலமா என்றால், சென்னை அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் உங்கள் மகன் தாராளமாக 'டவுட்' கேட்கட்டும். அங்கே அது செல்லுபடியாகும் காசு. லண்டனுக்கு எழுதும்போது 'க்வெஸ்ஷன்'. அந்த மேலாளரின் திட்டம் தேறாது என்று பையனுக்கு நிஜமாகவே தோன்றினால் மட்டும் 'டவுட்'.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், எனக்கு இதெல்லாம் தெரியுமா என்பதே சந்தேகம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை ஆங்கிலத்தில் 'டவுட்' என்றே போடலாம். லண்டன்காரருக்கும் தெளிவாகப் புரிந்திருக்கும். எனக்கும் புரிந்தது.